"விழுகிற பல்தானே?": பால் பல்லில் ஆழமான சொத்தை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டிப் பக்கம் குழந்தைகளுக்கு மட்டும் பல் வைத்தியம் பார்க்கிறேன். பல்லில் கை வைப்பதற்கு முன்னால் அம்மா, அப்பா, ஆச்சி, தாத்தா என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லி முடிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். கேள்விகள் பெரும்பாலும் அதேதான், கேட்கும் வார்த்தைகூட மாறுவதில்லை. அவற்றில் ஆழமான சொத்தை பற்றியவற்றை மட்டும் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

"எப்படியும் விழுந்து முளைக்கிற பல்தானே டாக்டர், அதுக்குப் போய் எதுக்கு வைத்தியம்?"

எந்தப் பல், எப்போது விழும் என்று பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பால் பற்கள் மொத்தம் 20. முன் பற்கள் 6 வயதிலிருந்து 8 வயதுக்குள் விழுந்துவிடும். பெரும்பாலும் சொத்தையாவது கடைவாய்ப் பற்கள். அவற்றில் முன்னால் இருப்பது 9 முதல் 11 வயதிலும், பின்னால் இருப்பது 10 முதல் 12 வயதிலும்தான் விழும். நாலு வயதுக் குழந்தையின் பின் கடைவாய்ப் பல் இன்னும் ஆறேழு வருடம் சோறு மெல்ல வேண்டிய பல். அத்தனை வருடம் அதைச் சீழோடு விட்டுவைக்க முடியாது.

இன்னொன்று, பால் பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் நிரந்தரப் பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. மேலே சீழ் பிடித்தால் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல், அதாவது வெளியே இருக்கும் கெட்டியான வெள்ளை ஓடு, கெடலாம். அப்படிக் கெட்ட பல் பழுப்புத் திட்டும் பள்ளமுமாக முளைத்து வரும். பத்து வயதில் "புதுப் பல் முளைக்கும்போதே சொத்தையா வந்துச்சு" என்று கூட்டி வருகிறவர்களிடம் பழைய கதையை விசாரித்தால், ஐந்து வயதில் அதே இடத்தில் ஒரு வீக்கம் வந்து போயிருப்பதுண்டு.

"போன லீவுல சின்னப் புள்ளிதான் இருந்துச்சு. அதுக்குள்ள எப்படி இவ்வளவு பெரிய குழி?"

பால் பல்லின் எனாமல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் இருக்கும், நம் பல்லில் இருப்பதில் பாதி. உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற கூழ் அறையோ பல்லின் அளவுக்குப் பெரியது. கடைவாய்ப் பல்லில் அதன் முனைகள் மேட்டுக்கு வெகு அருகில் வரை ஏறி நிற்கும். அதனால் சொத்தை அதிக தூரம் போக வேண்டியதில்லை.

பெரும்பாலும் அது இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டுகிற இடுக்கில் ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் பல் நன்றாகவே தெரியும், உள்ளே குடைந்துகொண்டே போகும். ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது மேல் ஓடு உடைந்து விழ, குழி தெரியவரும். குழி தெரிந்த நாளில் சொத்தைக்குப் பல மாத வயது ஆகியிருக்கும். நான் எக்ஸ்ரே கேட்பதும் இதற்காகத்தான்.

"நாங்க சாக்லேட்டே வாங்கித் தர்றதில்லை. பனங்கற்கண்டுதான். அப்புறம் எப்படி?"

வாயில் இருக்கும் கிருமிக்குச் சீனி, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் ஒன்றுதான். எதைத் தின்றாலும் அது அமிலம் விடும். ஒரு தடவை இனிப்பு சாப்பிட்டால், எச்சில் அந்த அமிலத்தைச் சரிக்கட்ட அரை மணி நேரம் வரை பிடிக்கும். அதனால் எவ்வளவு சாப்பிட்டான் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிட்டான் என்பதுதான் கணக்கு. ஊர் ஊர்தான், கடலை மிட்டாயை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் தின்னட்டும். டவுசர் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை கொறிப்பதுதான் கெடுதல்.

சின்னக் குழந்தைகளிடம் நான் முதலில் விசாரிப்பது ராத்திரிப் பால் புட்டியைத்தான். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், பால் பல்லின்மேல் அப்படியே தேங்கும். மேல் முன் பற்கள் நாலும் அரித்துப்போய், கீழ் முன் பற்கள் மட்டும் பளிச்சென்று இருந்தால் கேட்கவே வேண்டாம், புட்டிதான். உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப் பற்களை மூடிக்கொள்வதால் அவை தப்பித்துவிடுகின்றன.

"பல்லுல பூச்சி இருக்குன்னு ஊர்ல புகை போடச் சொல்றாங்க. போடலாமா?"

வேண்டாம். பல்லில் புழு பூச்சி எதுவும் குடியிருப்பதில்லை. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்ததும் துணியில் விழுந்ததாகக் காட்டுகிறார்களே, அது பல்லிலிருந்து வந்ததில்லை. பழைய பாபிலோனியக் களிமண் பலகையிலேயே பல் புழுக் கதை இருக்கிறது, நம் ஊரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சூடான புகையில் குழந்தையின் உதடும் தொண்டையும் புண்ணாகும். வலி கொஞ்சம் அடங்கியது போலத் தோன்றினால் இங்கே வருவதும் தள்ளிப்போகும்.

கிராம்பு எண்ணெயும் அப்படித்தான். குழியில் விட்டது வழிந்து ஈறு வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் கொடுங்கள், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில். சிரப் பாட்டிலில் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். 5 மில்லியில் 120, 125 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

"சில நேரம் வலிக்குதுங்கிறான், சில நேரம் இல்லைங்கிறான். நரம்பு வரைக்கும் போயிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

நான் வீட்டில் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று: வலி தானாக வருகிறதா, எதையாவது செய்தால் வருகிறதா? ஐஸ்கிரீம் சாப்பிட்டால் சுரீர் என்று வந்து உடனே போய்விட்டால், அல்லது இடுக்கில் உணவு மாட்டி, எடுத்ததும் சரியாகிவிட்டால், உள்ளே நரம்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். காப்பாற்ற வழி உண்டு. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே வலித்தால், நடு ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து அழுதால், நரம்பு திரும்ப முடியாத அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் குழந்தைகள் இதைச் சொல்லத் தெரியாமல் சொல்லும். கீழ்க் கடைவாய் வலியைக் "காது வலி" என்று சொல்லும். ஒரு பக்கமாகவே மெல்லும், கறியைத் துப்பிவிட்டுக் குழம்பை மட்டும் சாப்பிடும். ஒரு அம்மா, "மூணு மாசமா தோசையை நடுவுல மட்டும் பிச்சுத் தின்னுட்டு ஓரத்தை வச்சிடறா, செல்லம் கொஞ்சுறான்னு அடிச்சேன்" என்றார். ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், அவளால் கடிக்க முடியவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் குழி.

"இப்ப வலியே இல்லை. ஈறுல சின்னக் கொப்புளம் மட்டும்தான். சரியாயிடுச்சுதானே?"

இல்லை. நரம்பு செத்துவிட்டது, அதனால்தான் வலி நின்றது. அந்தக் கொப்புளம், உள்ளே சேர்ந்த சீழ் வெளியே வர வழி செய்துகொண்ட வாசல். அழுத்தம் குறைந்ததால் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. வாசல் அடைத்த அன்று கன்னம் வீங்கும்.

கொப்புளம் வந்தாலோ, பல் ஆடினாலோ, எக்ஸ்ரேயில் வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரிந்தாலோ, நரம்பைக் காப்பாற்றும் வைத்தியங்களுக்கு அங்கே வேலையில்லை. அதன்பின் வேர் வரை சுத்தம் செய்வது, இல்லாவிட்டால் எடுப்பது.

"சொத்தையை முழுசா எடுக்காம உள்ளேயே கொஞ்சம் விட்டு அடைச்சுட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?"

ஏமாற்றவில்லை. தெரிந்து செய்ததாகத்தான் இருக்கும். நான் படிக்கும் காலத்தில் சொத்தையைக் கடைசித் துளி வரை சுரண்டச் சொல்வார்கள். சுரண்டச் சுரண்ட நரம்பு திறந்துகொள்ளும். இப்போது, நரம்பு உயிரோடு இருக்கிற பல்லில் ஓரங்களை மட்டும் நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிற மெல்லிய பாதிப்பை அப்படியே விட்டு இறுக்கமாக மூடிவிடுகிறோம். மூடிய அறையில் கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காது, சொத்தை அங்கேயே நின்றுபோகும். பல்லும் உள்பக்கமாக ஒரு புதுச் சுவர் கட்டிக்கொள்ளும்.

நிபந்தனை இரண்டு. ராத்திரி வலி, கொப்புளம் மாதிரி மேலே சொன்ன அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. மேலே போடும் மூடி கசியக் கூடாது. இரண்டாவதுதான் பலருக்குத் தவறுகிறது. பெரிய குழியில் சிமெண்ட் மட்டும் வைத்து அனுப்பினால் ஆறு மாதத்தில் ஓரம் உடைந்து திரும்பி வரும். அதனால்தான் முழுப் பல்லையும் மூடும் உறையான கேப் பற்றிக் கீழே இத்தனை எழுதியிருக்கிறேன்.

"ஏதோ மருந்து தடவினாங்க, பல் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. சரியா?"

அது சில்வர் டயமின் ஃப்ளூரைடு. ஊசி, டிரில் எதுவும் வேண்டாம், துடைத்து உலர்த்தி ஒரு சொட்டுத் தடவினால் போதும். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளூரைடு மிச்சப் பல்லை இறுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுக்கும், அந்தக் கறுப்புதான் சொத்தை நின்றதற்கு அடையாளமும். முன் பல்லில் தடவுவதற்கு முன்னால் படம் காட்டிச் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தடவியிருந்தால் உங்கள் கோபம் நியாயமே.

இரண்டு வயதுக் குழந்தை, நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறது, குழி இன்னும் நரம்பைத் தொடவில்லை: அங்கே எனக்கு இதுதான் முதல் ஆயுதம். நரம்பு செத்த பல்லில் தடவுவது வீண்.

"குழந்தைக்குப் போய் ரூட் கேனாலா?"

அந்த ஒரே பெயரில் இரண்டு வேலைகளைச் சொல்கிறார்கள். முதலாவது பல்பாட்டமி. நரம்பின் மேல்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு, வேருக்குள் இருப்பதை உயிரோடு விடுவது. வெட்டிய பின் ஈரப் பஞ்சை வைத்து அழுத்தி ஐந்து நிமிடம் போலக் காத்திருப்பேன். அந்தப் பஞ்சை எடுக்கும் நொடியில்தான் முடிவு தெரியும். ரத்தம் நின்றிருந்தால் கீழே நரம்பு நன்றாக இருக்கிறது, எம்.டி.ஏ. என்ற சிமெண்ட் வைத்து மூடலாம். கறுஞ்சிவப்பாக வழிந்துகொண்டே இருந்தால் கேடு வேருக்குள் இறங்கிவிட்டது. "உள்ளே போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று நாங்கள் சொல்வது மழுப்பல் இல்லை.

இரண்டாவது பல்பெக்டமி. வேருக்குள் இருப்பதையும் முழுதாக எடுத்துச் சுத்தம் செய்து பசை மருந்து நிரப்புவது. பெரியவர்களுக்கு நிரப்பும் ரப்பர் போன்ற பொருளை இங்கே வைக்கக் கூடாது. பால் பல்லின் வேர் ஒருநாள் கரைய வேண்டும், கூடவே நிரப்பியதும் கரைய வேண்டும். அதற்கேற்ற பசையைத்தான் வைப்போம்.

"ஸ்டீல் கேப் வேண்டாமே. பொம்பளைப் பிள்ளை, பார்க்க நல்லா இருக்காது."

கடைவாயில் இருப்பது சிரித்தால் அதிகம் தெரியாது. நரம்பு வைத்தியம் செய்த பல் உள்ளே கூடாக இருக்கும், மெல்லிய சுவர் கடித்தால் பிளந்துவிடும். முழுப் பல்லையும் மூடுகிற ஸ்டீல் கேப்தான் விழும் நாள் வரை தாங்கும். வெள்ளை வேண்டுமென்றால் சிர்கோனியா என்ற பீங்கான் மாதிரிப் பொருளில் செய்த கேப் இருக்கிறது. விலை அதிகம், பல்லை இன்னும் நிறையத் தேய்க்கவும் வேண்டும். முன் பல்லுக்கு நானே வெள்ளையைத்தான் சொல்வேன். கடைவாய்க்கு, என் பிள்ளைக்குப் போட்டதும் ஸ்டீல்தான்.

நரம்பு கெடாத சொத்தைக்கு டிரில்லே இல்லாமல் கேப் போடும் முறையும் உண்டு. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் செய்துவந்ததால் ஹால் முறை என்று பெயர். இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் வைத்துச் சில நாள் இடம் உண்டாக்கி, பிறகு கேப்பில் சிமெண்ட் நிரப்பிக் குழந்தையையே கடிக்கச் சொல்வது. முதல் சில நாள் "கடிச்சா அந்தப் பல் மட்டும்தான் முட்டுது" என்று சொல்லும். சில வாரத்தில் கடி தானாகச் சமமாகிவிடும், பயந்து போன் செய்ய வேண்டாம்.

"ஊசி போட்டா கீழே இருக்கிற புதுப் பல் பாதிக்காதா?"

பாதிக்காது. எடைக்குத் தக்க அளவுதான் போடுவோம். பிரச்சினை வருவது வீட்டுக்குப் போனபின். உதடு மரத்திருக்கும், குழந்தைக்கு அது வேடிக்கை, கடித்துக் கடித்துப் பார்க்கும். மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாகப் புண் வந்திருக்கும். சீழ் என்று நினைத்து அலறிக்கொண்டு வருவார்கள். ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் சாப்பாடு வேண்டாம், ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.

"இத்தனை செலவு எதுக்கு, பிடுங்கிடுங்க. புதுசு வந்துக்கட்டும்."

சில பற்களுக்கு அதுதான் சரி. வேரே உடைந்துபோனது, எலும்பு நிறையக் கரைந்தது, விழும் நாள் நெருங்கியது எல்லாம் எடுக்க வேண்டியவை. ஆனால் ஐந்து வயதில் பின் கடைவாய்ப் பல்லை எடுத்தால், ஆறு வயதில் அதற்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல் முன்னால் சரிந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே பத்து, பன்னிரண்டு வயதில் வர வேண்டிய பல்லுக்கு இடமிருக்காது. கோணலாக வரும், இல்லாவிட்டால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு கம்பி கட்டும் செலவு இதைப்போல் பல மடங்கு.

அதனால் சீக்கிரம் எடுத்த கடைவாய்ப் பல்லுக்கு இடம் காக்கும் கம்பி போடச் சொல்வோம். பக்கத்துப் பல்லைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து ஒரு வளைந்த கம்பி, அவ்வளவுதான். புதுப் பல் தலைகாட்டியதும் கழற்ற வேண்டும். முன் பற்களை எடுத்தால் இடம் பெரும்பாலும் மூடுவதில்லை, கம்பி கட்டாயமில்லை. செலவு கைமீறினால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போங்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. ஒரு நாள் வேலையை விட வேண்டியிருக்கும், வரிசையும் நீளம்தான்.

"ஆறு வயசுல கடைசியா ஒரு பல் வந்திருக்கு. அதுலயும் சொத்தை. அதுவும் விழுற பல்தானே?"

அது விழாது! மேலே சரியும் என்று சொன்னேனே, அதே பல்தான். எந்தப் பால் பல்லும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் இதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அறுபது வயது வரை மெல்ல வேண்டிய பல். இதில் சொத்தை கண்டால் அந்த வாரமே காட்டுங்கள்.

"கன்னம் வீங்கியிருக்கு. போன தடவை கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கு, அதையே கொடுக்கட்டுமா?"

கொடுக்காதீர்கள். அழுகிய நரம்புக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. வீக்கம் வடியும், மூலம் அப்படியே இருக்கும், அடுத்த மாதம் திரும்ப வரும். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், அதுவும் பல்லுக்கான வைத்தியத்தோடு சேர்த்துத்தான். வெறும் பல் வலிக்குத் தேவையே இல்லை. வீக்கத்துக்கு வெளியே சூடு ஒத்தடமும் கொடுக்க வேண்டாம்.

கண் மூடுகிற அளவு வீங்கினால், தாடைக்கு அடியில் கல்லுப்போல இறுகினால், வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டால், மூச்சு வாங்கினால், பல் டாக்டருக்காகக் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போங்கள்.

"முழு மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே நாள்ல முடிக்கலாம்கிறாங்க. பயமா இருக்கு."

பயம் வரத்தான் செய்யும். மூன்று வயதுக்குள், எட்டுப் பத்துப் பல் கெட்டு, அழுது திமிரும் குழந்தையை ஐந்தாறு தடவை அமுக்கிப் பிடித்து வேலை செய்வதைவிட இது நல்லது என்பது என் கருத்து. நான்கு பேர் பிடித்து வேலை பார்த்த குழந்தை பிறகு வருஷக்கணக்கில் வாயைத் திறக்காது. ஆனால் மயக்க மருத்துவர் கூடவே இருக்கிற, குழந்தைகளைக் கவனிக்க வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். வெறும் வயிறு முக்கியம்: திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்னால் நிறுத்த வேண்டும். பசிக்கிறதே என்று ஆச்சி ஒரு பிஸ்கட் கொடுத்து, கேஸ் தள்ளிப்போன நாட்கள் உண்டு.

"என் பையனுக்கு இதயத்துல பிரச்சினை இருக்கு. அவனுக்கும் இதே வைத்தியம்தானா?"

முதல் வேலையாக இதய மருத்துவரின் சீட்டோடு வாருங்கள். சில இதயக் கோளாறுகளில் வாயிலிருந்து ரத்தத்துக்குள் போகும் கிருமி உள்ளே ஒட்டி வளர்ந்துவிடும். அந்தக் குழந்தைகளுக்கு ஆழமான சொத்தைப் பல்லைக் காப்பாற்றப் பார்க்காமல், சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு எடுப்பதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கும் ஏறக்குறைய இதே யோசனைதான். மேலே நான் "பல்லைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதிய எதையும் இவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"ஒன்பது வயசு. முன் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால், கேப் ரெண்டும் சொல்றாங்க. தேவையா?"

முதல் கேள்வியில் சொன்ன வயதுக் கணக்கை எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பாருங்கள். வேர் பாதிக்கு மேல் கரைந்து, கீழே புதுப் பல் நெருங்கி வந்திருந்தால் எடுப்பதே போதும், பல நேரம் இடம் காக்கும் கம்பிகூட வேண்டியிருக்காது. வேர் முழுசாக இருந்தால் ஒன்பது வயதிலும் வைத்தியம் செய்யலாம். எக்ஸ்ரே எடுக்காமல் இரண்டில் எதைச் சொன்னாலும் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

"கேப் போட்டாச்சு. இனி அந்தப் பல்லை மறந்துடலாமா?"

ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். உள்ளே மறுபடி கெட்டால் வலிக்காமலே கெடும், கொப்புளக் கதைதான். மற்ற பற்களுக்கு இரண்டு வேளையும் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்: மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவதைப் பார்க்காதீர்கள். ராத்திரி நீங்களே தேய்த்துவிடுங்கள், ஏழெட்டு வயது வரை அவர்கள் கைக்கு அது சரியாக வராது.

"பல் விழுறப்ப கேப்பை என்ன செய்யணும்? வந்து கழட்டணுமா?"

வேண்டாம், பல்லோடு சேர்ந்தே விழும். போன மாதம் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஐந்து வயதில் நான் போட்ட கேப். திருப்பிப் பார்த்தால் வேர் துளிகூட இல்லை, கிண்ணம் மாதிரி உள்ளே பழைய சிமெண்ட் மட்டும் தெரிந்தது. "இதை உங்ககிட்ட திருப்பித் தரணுமா டாக்டர்?" என்றாள். நீயே வைத்துக்கொள் என்றேன். மறுபக்கத்துப் பல் விழுந்து ஆறு மாதமாகியும் கேப் பல் அசையாமல் இருந்தால்தான் என்னிடம் வர வேண்டும், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பேன்.